கோட்டைக்குப்பத்துப் பெட்டி தோணிரேவில் பேசியது

கோட்டைக்குப்பம்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஹரிஹரன் அவர்களுக்கு, உங்கள் மாமனார் செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை காந்தா, நீங்கள் உயிர் மீட்டுத் தந்த சர்வர் பெட்டி ஆகிய மூவரும் சுகம். அங்கு நீங்களும், சென்னையில் உங்கள் பொறுப்பில் ஓடும் அத்தனை சர்வர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். திவ்யா தோணிரேவில் உங்கள் அப்பா அம்மா வீட்டில் நன்றாக இருக்கிறாள். நேற்றுகூடப் போனில், "நைனா, ஞாயித்துக்கெழமை வளைகாப்புக்கு புளிசாதம் அம்மாவே கெளறட்டும், நீ கிட்டக்க போவாத" என்று அதட்டினாள். அந்த அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தாலே நீங்கள் "பரவால்ல மாமா, அத்தை சாப்ட்டாங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். தவிர, மாமனார் மாப்பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் பக்கத்தில் வழக்கமே இல்லை. வேட்டி எடுத்துக் கொடுப்போம், மோதிரம் போடுவோம், நல்ல நண்டாகப் பொறுக்கி பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம், நன்றி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிடும். எழுத்தில் இறங்கும் என்று காந்தாதான் சொன்னாள். ஐஸ் பேக்டரியில் காலம் முழுக்க உழைத்து ரிட்டயர் ஆனவனுக்குப் பேனா பிடிக்கவும் வராது. ஆனால் நீங்கள் பெட்டியில் தமிழ் தட்டச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து ஊர் அறிவிப்புகளைத் தட்டித் தட்டி விரல் பழகிவிட்டது. அதனால் தகவல் மையத்தில் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். முடித்ததும் அறிவிப்புகளை வைக்கும் இடத்தில் வைத்துவிடுகிறேன், எனக்குத் தெரிந்தது அந்த ஒரு இடம்தான். நீங்கள்தான் சென்னையில் உட்கார்ந்தபடியே உள்ளே எட்டிப் பார்ப்பீர்களே, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். மனசு விட்டு எழுதப்போகிறேன், நமக்குள் இருக்கட்டும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஏன் செத்தது என்று நீங்கள் கேட்டபோது "உப்புக்காத்து" என்று சொன்னேன் அல்லவா, அது பாதி உண்மை. உப்பு உண்மை. காற்றுதான் நிரபராதி. விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டியின் பின்பக்கம் சதா சூடாக ஊதிக்கொண்டே இருக்கிறது, மழை விட்டபாடில்லை, உங்கள் அத்தை வீட்டில் நெத்திலிக் கருவாடு காயாமல் நாறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டு வந்தவள் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். "யோவ், வெயிலே தோத்துடும் போல கீதே" என்றாள். மறுநாள் முறத்தோடு வந்துவிட்டாள். நான் தடுத்தேன் மாப்பிள்ளை, சத்தியமாகத் தடுத்தேன். "இது லினக்ஸ், இதுல கருவாடு காய வைக்கக் கூடாது" என்றேன். "ஏன், மாப்ள அப்டி எழுதி ஒட்டிகீறாரா?" என்று கேட்டாள். நீங்கள் எழுதி ஒட்டவில்லை. பெட்டி மேல் ஒட்டியிருந்தது அந்த வெள்ளை வயிற்றுப் பறவைப் படம் மட்டும்தான். நம் ஏரிக்குப் பூநாரை வருகிறது, கூழைக்கடா வருகிறது, இப்படி ஒரு பறவை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் மூஞ்சியைப் பார்த்தால் மீன் தின்கிற ஜாதி என்று தெரிந்தது, அதனால் கோபித்துக்கொள்ளாது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். கருவாடு பிரமாதமாகக் காய்ந்தது. பெட்டிதான் ஒரு நாள் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்தது.

நீங்கள் பொன்னேரியிலிருந்து ஆள் அனுப்பி உள்ளே புது டிஸ்க் மாட்டித் தந்துவிட்டு, எனக்குப் போனில் பாடம் எடுத்தீர்கள். பழவேற்காட்டில் இருக்கிற தாய்ப்பெட்டியில் நம் ஊர்ப் பெட்டியின் இமேஜும் தோணிரேவுப் பெட்டியின் இமேஜும் தனித்தனியாக இருக்கின்றன, பெட்டி நன்றாக இருந்த காலத்தில் அதன் மூளையை அப்படியே நகல் எடுத்து வைத்தது, நெட்வொர்க் வயரைச் செருகி F12ஐ அழுத்திக்கொண்டு எழுப்பினால் நீலத் திரை வரும், ஊர் பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதியைத் தாய்ப்பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். அதையெல்லாம் நான் அப்படியே செய்தேன். நீலத் திரை வந்தது. 'கோட்டைக்குப்பம்' என்று எடுத்தேன். அதற்கப்புறம் அது ஒரு கேள்வி கேட்டது. 'இந்தப் பெட்டிக்கு மட்டுமா? எல்லாப் பெட்டிகளுக்குமா?'

மாப்பிள்ளை, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். கரையில் மீன் இறங்கினால் படகில் போனவனுக்கு மட்டுமா பங்கு? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறவனுக்கும் ஒரு பங்கு. 'எனக்கு மட்டும்' என்று ஒருவன் வாயால் சொன்னால் மறுநாள் அவன் கூட எவன் வலை இழுப்பான்? சம்பந்தி ஊர்ப் பெட்டியை அம்போவென்று விட்டுவிட்டு நம் பெட்டிக்கு மட்டும் புது உயிர் வாங்கிக்கொண்டால் நாளைக்கு உங்கள் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? 'எல்லாப் பெட்டிகளுக்கும்' என்பதை அழுத்தினேன். அழுத்திவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று ஒரு டீயும் குடித்தேன். திரையில் கோடு நகர நகர, தோணிரேவிலும் அதேபோல ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு ஒரே பெருமை. ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நன்றாக இருந்த தோணிரேவுப் பெட்டியின் மூளையை வழித்துப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் நம் ஊர்ப் பெட்டியின் மூளை போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

விடிந்தது பாருங்கள், பேஜாரும் கூடவே விடிந்தது. நம் ஊர் ஒலிபெருக்கியில், பெட்டியில் இருக்கும் அறிவிப்புகளை வாசிக்கிற அந்த மெஷின் பெண்குரல் வழக்கம்போல ஊர் மக்களுக்கு வணக்கம் சொல்லி, காற்று நிலவரம் சொல்லி, அப்புறம் "நமது ஊர் ஜெபசெல்வி அவர்களின் கறுப்பு ஆட்டைக் காணவில்லை" என்றது. அது போன வருஷத்து ஆடு. இமேஜ் எடுத்த அன்று காணாமல் போயிருந்ததாம், இமேஜுக்கு என்ன தெரியும், அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. ஜெபசெல்வி அலறி அடித்துக்கொண்டு எழுந்து பார்த்தால் ஆடு குட்டிகளோடு கண்ணெதிரே நிற்கிறது. அப்படியும் நம்பாமல் ஒலிபெருக்கி பொய் சொல்லாது என்று அதன் காதைப் பிடித்துத் திருப்பி அடையாளம் பார்த்தாளாம். இங்கே இப்படியென்றால் தோணிரேவில், எந்த ஜெபசெல்வி, எந்த ஆடு என்று ஒன்றும் தெரியாமலே நாலு பேர் தேடிப்போய் யாருடைய கறுப்பு ஆட்டையோ பிடித்துக் கட்டியும் வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். அந்த ஊரில் பெண் கொடுத்ததற்கு நான் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை.

ஆட்டோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்தபடியாக அந்தக் குரல், "இன்று முகத்துவாரத்தில் நமது பாடு" என்றது. நம் ஊரில் சொன்னது சரி. உண்மையிலேயே அன்றைக்கு நம் பாடுதான். ஆனால் தோணிரேவுப் பெட்டியும் தன்னைக் கோட்டைக்குப்பம் என்றே நினைத்துக்கொண்டு தாய்ப்பெட்டியிடம் கேட்டு, அதே பதிலை வாங்கி, அங்கேயும் "நமது பாடு" என்று சொல்லிவிட்டது. எந்த நாள் எந்த ஊர் எங்கே வலை போடுவது என்பதைப் பாடு முறைப்படிதானே நாம் பிரித்துக்கொள்கிறோம். புயல் எச்சரிக்கையில் நாள் தள்ளித் தள்ளிப் போய் எல்லோருக்கும் கணக்குக் குழம்பியிருந்த நேரம், பெட்டி சொன்னதுதான் வேதம். உங்கள் அப்பா வரதன் சம்பந்தி, வாங்கி மடிப்புக்கூடக் கலையாத புது வலையைப் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்துவிட்டார். அங்கே ஏற்கெனவே நம் ஊர் பிரபாகரன் படகு.

சத்தம் கேட்டு நான் கரைக்கு ஓடினேன். "இன்னா வரதண்ணா, நாள் தெரியாம வந்துட்டியா?" என்றான் பிரபாகரன். "நாள் தெரியாதவன் நீ. எங்க பெட்டி சொல்லிச்சி, இன்னிக்கு நம்ப பாடுன்னு" என்றார் உங்கள் அப்பா. "எங்க பெட்டியுந்தான் சொல்லிச்சி!" "அப்போ ஒம் பெட்டி டுபாக்கூர் பெட்டி!" வலையோடு வலை சிக்கி, ஆளுக்கொரு பக்கம் இழுத்து, சம்பந்தியின் புது வலை பர்ரென்று கிழிந்தது. அது கிழிந்ததுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. யாரோ ஒரு வாய்த்துடுக்குப் பிடித்தவன், "பாடு மீறினவங்க" என்று கத்திவிட்டான். உங்கள் அப்பா இத்தனை வயசுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதில்லை. முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தார். "சம்பந்தி, எங்க ஊரை இப்டி சொல்லிட்டானுங்க. இந்த லட்சணத்துல வளைகாப்பு இன்னாத்துக்கு? அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் காந்தா பழவேற்காட்டில் வாங்கிய வளையல்களை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. வளையலையெல்லாம் திரும்பப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "எம்பொண்ணுக்கு இது தலைச்சன்" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களுக்குப் போன் போட்டேன். "எந்த லைனை அழுத்துனீங்க மாமா?" என்று கேட்டீர்கள். "எல்லாருக்கும்" என்றேன். பதிலுக்கு இருமுகிற சத்தம்தான் வந்தது. அது இருமல் இல்லை, சிரிப்பு என்று காந்தா இன்றுவரை சொல்கிறாள், நான் நம்பவில்லை. அப்புறம் ஆரம்பித்தீர்கள். "ரெண்டு பெட்டிக்கும் இப்ப ஒரே பேர், ஒரே அட்ரஸ் மாமா. நான் ஒண்ணைக் கூப்ட்டா ரெண்டும் 'உள்ளேன் ஐயா'ன்னுது. நீங்க உங்க பெட்டியில அந்த நீல வயரைப் பிடுங்குங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றீர்கள். பிடுங்கினேன். வேறு எதையும் தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் நீங்கள் சென்னையில் இருந்தபடியே தோணிரேவின் சொந்த இமேஜைப் பழவேற்காட்டிலிருந்து எடுத்து, நெட்வொர்க் வழியாகவே அந்தப் பெட்டிக்குள் இறக்கி, அதற்கு அதன் பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இப்ப உங்க வயரைச் செருகுங்க மாமா" என்றீர்கள். செருகினேன். இரண்டு ஊர்ப் பெட்டியும் அதது தன் பேரைச் சொன்னது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொருளைத் தொலைக்கிற முன்பே அதன் நகலை எடுத்து வைக்கிற புத்தி எங்கள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அந்தப் புத்தியோடு ஒரு பிள்ளை என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது நான் எந்தப் பிறவியில் செய்த புண்ணியமோ. இனி இப்படி ஊருக்கு ஒன்றாகப் பேசி மண்டை உடையக் கூடாது, எந்த ஊரில் அறிவிப்பு எழுதினாலும் இரண்டு ஊரிலும் கேட்கட்டும் என்று அதற்கும் ஒரு வழி செய்துகொடுத்தீர்கள். அதுவும் நல்ல யோசனை.

இதெல்லாம் உங்கள் தொழில், செய்வீர்கள். நான் நன்றி சொல்ல வந்தது இதற்கில்லை. அன்று மாலை இரண்டு ஊரும் கூடிய கூட்டத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு உங்களைக் கேட்டபோது, நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறக்குமுன், "தப்பு என்னுது. நான்தான் சரியா செட் பண்ணாம விட்டுட்டேன். மாமா நான் சொன்னதத்தான் செஞ்சாரு" என்று சொன்னீர்களே, அதற்கு. கூட்டம் குளிர்ந்துவிட்டது. சம்பந்தி பாடு மீறவில்லை, பெட்டிதான் மீறியது என்று நம் ஊர்க்காரர்களே சொன்னார்கள். பிரபாகரன் தானே உட்கார்ந்து கிழிந்த வலையைக் கட்டிக்கொடுத்தான். வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமையே நடக்கும் என்று ஆயிற்று. ஆனால் உங்கள் அப்பா எழுந்து துண்டை உதறி, "எம்புள்ள இன்னா வேலை செய்யுதுன்னு கேக்குறவங்களுக்கு எனக்கு சொல்லத் தெரியாது. தெரியாமலே பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன். இதுதானா அது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் உங்கள் போனை எடுப்பதில்லை என்று திவ்யா சொல்லி அழுகிறாள்.

அந்தப் பேச்சு நான் வாங்கியிருக்க வேண்டியது. என் பெண்ணின் வளைகாப்புக்காக, என் வெள்ளைத் தலைக்காக, நீங்கள் பெற்ற அப்பாவிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டீர்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது. நானே போய் அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லுவேன். வளைகாப்பு முடியட்டும். இப்போது சொன்னால் மறுபடி முறுக்கிக்கொள்வார். சம்பந்தி தங்கமான மனுஷன், ஆனால் கோபம் வந்தால் அந்த மை தீட்டிய மீசை படபடவென்று துடிக்கிறது, அதைப் பார்த்தால் எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் வருகிறது, சிரித்துத் தொலைத்தால் தீர்ந்தது. ஆகவே கருவாட்டு விஷயமும், நான் 'எல்லோருக்கும்' கொடுத்த விஷயமும், மீசை விஷயமும் நம் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. இனி அந்த நீலத் திரை பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எல்லையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நாளைக் காலை அறிவிப்பு முடிந்ததும் பெட்டிகளைப் புதிதாக இமேஜ் எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள், எடுங்கள். உங்களுக்கும் என் பெண்ணுக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் நீண்ட ஆயுசும், ஏரி நிறைய இறாலும், பிடுங்கினாலும் அறுந்துபோகாத நெட்வொர்க்கும் அமைய ஆசீர்வதிக்கிறேன். அத்தை உங்களுக்கு நெத்திலி எடுத்து வைத்திருக்கிறாள். எந்த நெத்திலி என்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்களுக்கு நன்றிக்கடன் பட்ட மாமனார்,
க. செங்கல்வராயன்

பின்குறிப்பு: இது சனிக்கிழமைக் காலை. காகிதத்தில் பேனாவால் எழுதுகிறேன், காந்தா இனி அந்தப் பெட்டியில் ஒரு எழுத்துத் தட்டினால் கையை உடைப்பேன் என்கிறாள். போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். விடிந்ததும் ஒலிபெருக்கி காற்று நிலவரம் சொன்னது, பாடு சொன்னது, அப்புறம் அதே பெண்குரலில், "அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஹரிஹரன் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடினேன். மையத்தின் சாவி காந்தாவின் முந்தானையில். அவளைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறந்து நான் ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கியபோது ஊர் முழுக்கக் கருவாடு வரை கேட்டு முடித்திருந்தது. நம் ஊரில்தான் நின்றது. தோணிரேவில் கையெழுத்து வரைக்கும் முழுசாக வாசித்திருக்கிறது. 'நமக்குள் இருக்கட்டும்' என்பதையும் வாசித்ததாம்.

சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. வளைகாப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம், "எம்புள்ள எங்கிட்டயே பொய் சொல்லிகீறான்யா, ஒன் மானத்தைக் காப்பாத்த. நான் அவன் போனை எடுக்காம மொகத்தைத் திருப்பிகினு கெடந்தேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது மாப்பிள்ளை, நானும் அழுதுவிட்டேன். கொஞ்சம் தேறிக்கொண்டு, "எம்மீசைக்கு மை போடறது ஊருக்கே தெரியும், அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழமை வளைகாப்பு உண்டு. ஆனா அந்தக் கருவாட்டைக் கொண்டாரணும், ஊர் முன்னாடி நீயே அதைக் கையில ஏந்திகினு வரணும். இப்ப வை, எம்புள்ளைக்குப் போன் போடணும்" என்றார். போன் வரும், எடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். நீங்கள் சொன்னபடி புது இமேஜ் எடுத்து முடிந்துவிட்டது என்று பெட்டி சொல்கிறது. அப்படியானால் இனி எந்த ஊர்ப் பெட்டி செத்துப் பிழைத்தாலும் மறுநாள் காலை முதல் வேலையாக இந்தக் கடிதத்தைத்தான் வாசிக்கும். என் பேரப்பிள்ளை காதில் விழுமே என்று பயந்து, பழைய இமேஜைத் திரும்ப இறக்கிவிட்டால் கடிதம் போய்விடும் என்று கணக்குப் போட்டு, F12ஐ அழுத்திவிட்டேன். ஆணையெல்லாம் எல்லையம்மன் மன்னிப்பாள். நீலத் திரை வந்திருக்கிறது. 'இந்தப் பெட்டிக்கு மட்டுமா? எல்லாப் பெட்டிகளுக்குமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், பிஸி என்றே வருகிறது. அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் போல. நிதானமாகப் பேசிவிட்டு வாருங்கள் மாப்பிள்ளை. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.